எச்சில் தட்டும் லுக்கேமியாவும்



கடலூரும் சிதம்பரமும் பூனைக்கு வசதியான ஊர்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலையில் படகு வந்து அணைந்தால், மீன்கூடை கரையிறங்கும் முன்பே பூனைகள் ஆஜர். சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை எனக் கரையோரம் முழுக்க இதே காட்சிதான். சிதம்பரத்துப் பூனைக்கு மீன் அவ்வளவு தாராளமாகக் கிடைக்காது. அதற்கு ஈடாகக் கூரை உண்டு. தேரோடும் நான்கு வீதிகளையும் அவற்றின் சந்துகளையும் ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளில், தரையில் கால் வைக்காமலே ஒரு பூனை பல வீடு தாண்டிப் போய்விடும். காலையில் ஒரு வீட்டில் பால், மத்தியானம் இன்னொரு வீட்டில் தயிர்சாதம், ராத்திரி மூன்றாவது வீட்டு மாடிப்படியில் தூக்கம். மூன்று வீட்டிலும் மூன்று பெயர். யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் மூன்று வீட்டாரும் "எங்களதுதான்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்றால் மூன்று பேருமே "அது சும்மா வந்து போகும்" என்பார்கள்.

இப்படிப் பாதி வீடும் பாதி தெருவுமாகப் பூனை வளரும் ஊர்களில், பூனை லுக்கேமியாவைப் பற்றிப் பேசுவது அவசியம். ஏனென்றால் இது கூட்டாளிகளின் நோய். ஒரு தட்டில் சாப்பிடுகிற, ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கிற, ஒரே சாக்கில் சுருண்டு படுக்கிற பூனைகளிடையே பரவுவது. சண்டையில் கடித்தாலும் பரவும். ஆனால் சண்டையைவிடச் சிநேகமே இதற்குப் பெரிய பாலம்.

மனிதருக்கு வரும் ரத்தப் புற்று பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. பூனைக்கு மட்டும் எப்படி ஒட்டுகிறது என்ற கேள்வி எழுவது நியாயம். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை நோய்க்குறியியலாளருக்கும் இதே கேள்விதான் எழுந்தது. கன்றுகளின் நுரையீரல் புழு நோய்க்குத் தடுப்பூசி கண்ட குழுவில் இருந்து ஏற்கெனவே பேர் வாங்கியவர் அவர். அந்த நகரில் ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வந்தது. ஒன்றுக்கு வந்தால் விதி எனலாம். ஒரே வீட்டில் வரிசையாக வந்தால் வேறு ஏதோ இருக்கிறது. ஜாரெட் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். கட்டியின் உயிரணுக்களில் வைரஸ் இருந்தது. 1964இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். புற்றுநோய் தொற்றாது என்று பாடம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பூனைக்குப் பூனை இது தொற்றுகிறது என்பதைச் சந்தேகமில்லாமல் காட்ட இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வேலை பார்த்த வில்லியம் ஹார்டி 1973இல் அதைச் செய்தார். ரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை உருவாக்கியவரும் அவரே.

வைரஸ் வேலை செய்யும் விதம் தந்திரமானது. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவத்தில் கொண்டுவந்து, பூனையின் உயிரணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, பூனையின் சொந்த மரபணுத் தொகுப்பிலேயே செருகிவிடும். அதன்பின் அந்த உயிரணு பிரியும்போதெல்லாம் வைரஸின் செய்தியும் கூடவே படியெடுக்கப்படும். இப்படித் திருப்பி எழுதும் வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர். எலும்பு மஜ்ஜைக்குள் போய்விட்டால் ரத்த உற்பத்தியே அதன் பிடியில். சிவப்பணு குறைந்தால் சோகை. வெள்ளணு கெட்டால் எதிர்ப்புச் சக்தி போகும். வளர்ச்சி கட்டு மீறினால் புற்று. லுக்கேமியா என்ற பெயரால் எல்லோரும் புற்றை மட்டும் நினைக்கிறார்கள். நடைமுறையில் இந்தப் பூனைகள் பலவும் சாவது சோகையாலும், ஆரோக்கியமான பூனை தட்டிவிட்டுப் போகக்கூடிய சில்லறைத் தொற்றுகளாலும்தான்.

சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்குச் சொல்லும் உவமை பூனைக்குட்டி. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்தப் பாடும் இல்லை, தாயே வாயால் கவ்விப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும். இந்த வைரஸ் அதிகம் தங்கியிருக்கும் இடம் அதே வாய்தான். எச்சிலில்தான் அது ஏராளம். மூக்குச் சளி, சிறுநீர், மலம், தாய்ப்பால் ஆகியவற்றிலும் உண்டு. கர்ப்பத்திலேயே குட்டிக்குப் போகலாம். பிறந்தபின் நக்கிக் கொடுக்கையிலும் பாலூட்டுகையிலும் போகலாம். குட்டிகளுக்கு எளிதில் பிடிக்கும். வளர்ந்த பூனைக்கு இயல்பாகவே தடுப்பாற்றல் ஓரளவு கூடுகிறது. ஆகவே நோயுள்ள தாயிடம் பால் குடித்த குட்டி முதல் ஆபத்தில் இருக்கிறது. ஐந்து வயதில் எப்போதோ ஒருமுறை ஒரே கிண்ணத்தில் வாய் வைத்த பூனைக்கு ஆபத்து குறைவு.

மருத்துவர் "பாசிட்டிவ்" என்று சொன்னதும் வீட்டார் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எங்களுக்கு ஒட்டுமா? எத்தனை நாள் இருக்கும்?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: ஒட்டாது. மனிதருக்கு இந்த வைரஸால் நோய் வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. நாய்க்கும் ஒட்டாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, கர்ப்பிணி இருக்கிறாள் என்பதற்காக லுக்கேமியா பூனையை வெளியேற்றுவதில் அர்த்தமே இல்லை. பூனையின் மலத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது எல்லாப் பூனைக்கும் பொதுவான விதி. அதற்குக் காரணங்கள் வேறு.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் ஒரு பழைய பயத்தை நினைவுபடுத்தாமல் போக முடியாது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதன்பின் நடந்ததை நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டைத் தனியே வைத்தார்கள். டம்ளரைத் தனியே கவிழ்த்தார்கள். தொட்டாலே ஒட்டும் என்றார்கள். அத்தனையும் பொய்ப் பயம். எச்.ஐ.வி. ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடிப்பதால் ஒட்டாது. இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004இல் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. மருந்து வந்தபின் மனிதர்கள் வாழ்ந்தார்கள்; தட்டைப் பிரித்தவர்கள்தான் தலைகுனிய வேண்டியிருந்தது.

மனிதரையும் பூனையையும் ஒரே தராசில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டும் ரெட்ரோவைரஸ்கள், பரவும் வழி மட்டும் நேர் எதிர். மனிதரிடத்தில் கொடுமையாக முடிந்த அந்தத் தனித்தட்டுதான் பூனை லுக்கேமியாவில் உண்மையான தடுப்பு. அங்கே வேண்டாத இடத்தில் பயந்தோம். இங்கே பயப்பட வேண்டிய தட்டை விட்டுவிட்டுப் பயப்பட வேண்டாத பூனையைக் கண்டு ஒதுங்குகிறோம்.

இரண்டு நோய்களின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. ஹார்வர்டில் பூனை லுக்கேமியாவை ஆராய்ந்துகொண்டிருந்த மேக்ஸ் எஸ்ஸெக்ஸ் அடிப்படையில் கால்நடை மருத்துவர். எய்ட்ஸுக்கு ஒரு ரெட்ரோவைரஸ் காரணமாக இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சந்தேகித்தவர்களில் அவரும் ஒருவர். பூனையின் எதிர்ப்புச் சக்தி சரிவதைப் பார்த்துப் பழகிய கண். எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்தான ஏ.இசட்.டி.யின் கதை இன்னும் சுவாரசியம். ஜெரோம் ஹார்விட்ஸ் அதைப் புற்று மருந்தாகத் தயாரித்தது 1964இல், ஜாரெட் வைரஸைக் கண்ட அதே ஆண்டு. புற்றுக்குப் பலிக்காததால் கிடப்பில் போடப்பட்ட அது 1987இல் எச்.ஐ.வி.க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் லுக்கேமியா வைரஸ் உள்ள பூனைகளுக்கும் சில சமயம் கொடுக்கப்பட்டது. கொண்டாட வேண்டியதில்லை: பூனையில் அதன் பலன் அளவானது, பக்கவிளைவு சோகை. ஏற்கெனவே சோகையில் இருக்கும் பூனைக்கு மருத்துவரின் மேற்பார்வையும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

இரண்டாம் கேள்விக்கு, எத்தனை நாள் என்பதற்கு, பதில் சொல்லும் முன் பரிசோதனையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவமனை மேசையில் நடப்பது இதுதான். பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். முன்காலிலோ கழுத்திலோ கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியில் சில சொட்டு ரத்தமும் கரைசலும் விட்டால் சுமார் பத்து நிமிடத்தில் கோடோ புள்ளியோ தெரியும். அந்தக் கருவி தேடுவது வைரஸின் உடலிலேயே உள்ள பி27 என்ற புரதத்தை. அதனால் ஒரு சௌகரியம்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளோ பழைய தடுப்பூசியோ முடிவைக் குழப்பாது, எத்தனை சிறிய குட்டியையும் சோதிக்கலாம். பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்.ஐ.வி.க்கு இந்தச் சௌகரியம் இல்லை. அதில் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறார்கள், ஆகவே தாயின் எதிர்ப்பொருள் குட்டியில் பொய்யான பாசிட்டிவ் காட்டக்கூடும். பெரும்பாலும் இரண்டு சோதனையும் ஒரே கருவியில் இருப்பதால் எந்தப் புள்ளி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு சோதனையை வைத்துத் தலையில் கை வைத்துக்கொள்ளவும் கூடாது, நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. வைரஸ் உடலில் புகுந்து ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகலாம். நேற்று தெருவிலிருந்து எடுத்த குட்டி இன்று நெகட்டிவ் என்றால் இன்றைக்கு நெகட்டிவ், அவ்வளவே. பாசிட்டிவ் என்றாலும் மறுபடி சோதிக்க வேண்டும், முடிந்தால் பி.சி.ஆர். சோதனையும் செய்ய வேண்டும். காரணம், தொற்றிய எல்லாப் பூனைக்கும் ஒரே முடிவு கிடையாது. சில பூனைகள் வைரஸை முழுவதுமாக விரட்டிவிடுகின்றன. சில பூனைகள் அதை மஜ்ஜையில் அடக்கி வைத்துவிடுகின்றன. ரத்தத்தில் புரதம் தெரியாது, பிற பூனைக்கும் பரப்பாது, ஆனால் மரபணுவில் செருகிய துண்டு கிடக்கும். உடல் மிகவும் நலிந்தால் அது திரும்ப எழலாம். அத்தகைய பூனை இன்னொரு பூனைக்கு ரத்ததானம் செய்யக் கூடாது. மூன்றாம் வகைதான் கவலைக்குரியது: வைரஸ் அடங்காமல் பெருகிக்கொண்டே இருக்கும், எச்சிலில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இனி அந்த இரண்டாம் கேள்வி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பூனை நல மையம், நோய் கண்டுபிடிக்கப்பட்டபின் லுக்கேமியா பூனைகளின் ஆயுளுக்கு இரண்டரை ஆண்டு என்று ஓர் இடைநிலைக் கணக்குச் சொல்கிறது. பாதிப் பூனைகள் அதற்குள் போய்விட்டன. பாதிப் பூனைகள் அதற்கு மேலும் இருந்தன. இரண்டரை ஆண்டு என்பது பூனைக்குச் சின்னக் காலம் அல்ல. தீபாவளிக்குப் பாசிட்டிவ் ஆன பூனை அடுத்த தீபாவளிக்கும் அதற்கடுத்த தீபாவளிக்கும் மடியில் இருக்க வாய்ப்புண்டு. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் பூனையை, ஒரு புள்ளி தெரிந்தது என்பதற்காகக் கருணைக்கொலை செய்யச் சொல்வது மருத்துவம் ஆகாது. எந்த வழிகாட்டு நெறியும் அப்படிச் சொல்லவில்லை.

இந்த நோய் எவ்வளவு பரவலானது? 2006இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட பூனைகளைச் சோதித்தது. நூற்றுக்கு இரண்டு சொச்சம் பாசிட்டிவ். அது அந்தப் பகுதியின் கணக்கு. தெருவில் உலவும், சண்டை போடும், கருத்தடை ஆகாத பூனைகளிடையே விகிதம் கூடும் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் குட்டிகள் திடீரென்று வாந்தி, பேதி கண்டு இரண்டு மூன்று நாளில் சாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் பான்லூக்கோபீனியா என்ற வேறொரு வைரஸ். பெயர் ஒலிப்பில் கிட்டத்தட்ட இருப்பதால் லுக்கேமியா என்றே பலர் சொல்லிவிடுகிறார்கள். குணத்தில் இரண்டும் எதிரெதிர். பான்லூக்கோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஏன் ஓராண்டு வரைகூட, உயிரோடு கிடக்கும். லுக்கேமியா வைரஸோ பூனையின் உடலை விட்டு வெளியே வந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும். சோப்புத் தண்ணீருக்கே தாங்காது. பழைய பாயை எரிக்க வேண்டாம், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம். இங்கே வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் பான்லூக்கோபீனியா அடங்கும், லுக்கேமியா அடங்காது. லுக்கேமியாவுக்கென்று தனித் தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் வந்தது. அது நோயில்லாத பூனைக்குத்தான். பாசிட்டிவ் ஆன பூனைக்குப் போட்டுப் பயனில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்த நோயைச் சமாளிப்பது மருந்துப் பெட்டியைக் காட்டிலும் வீட்டு ஒழுங்கைச் சேர்ந்தது என்பதே இந்தப் பேச்சின் சாரம்.

பாசிட்டிவ் பூனை வெளியே போகக் கூடாது. இது இரண்டு பக்கமும் நன்மை: தெருப் பூனைக்கு இதன் வைரஸ் போகாது, தெருவிலிருந்து இதற்கு வேறு நோய் வராது. ஆனால் முற்றம் வைத்த வீட்டில், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து உள்ள வீட்டில், பூனையை உள்ளேயே வைப்பது சொல்வதுபோல் எளிதல்ல. கடலூர்க்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: பழைய நைலான் மீன்வலை. முற்றத்தின் மேலும் மாடி கைப்பிடிச் சுவரிலும் ஜன்னலிலும் அதை இழுத்துக் கட்டினால் வெயிலும் காற்றும் வரும், பூனை போகாது. கண் பெரிதான வலை வேண்டாம், தலை மாட்டிக்கொள்ளும். வலையை விளிம்பில் மரச்சட்டம் வைத்து அடிக்க வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டால் ஒரே ராத்திரியில் வழி கண்டுபிடித்துவிடும். முதல் இரண்டு வாரம் கதவருகே உட்கார்ந்து கத்தும். யாரும் மனம் இளகிக் கதவைத் திறக்கக் கூடாது.

கருத்தடை அவசியம். கருத்தடை செய்த கடுவன் சண்டைக்கு அலைவது குறையும். பெட்டை குட்டிக்கு நோயைக் கடத்தாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். நெகட்டிவ் பூனைகளையும் பாசிட்டிவ் பூனையையும் தனித்தனி அறையில், தனித்தட்டு, தனித்தண்ணீர்க் கிண்ணம், தனி மணல் தட்டு என்று வைக்க வேண்டும். பல மாதம் சேர்ந்தே வாழ்ந்த பூனைகள் என்றால், வர வேண்டியது ஏற்கெனவே வந்திருக்கும் அல்லது தடுக்கப்பட்டிருக்கும். அப்போது பிரிப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். எக்காரணத்தைக் கொண்டும் புதுப் பூனையை அந்த வீட்டில் சேர்க்க வேண்டாம். "தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒரு குட்டி" என்று நல்ல மனசோடு கொண்டுவரும் உறவுக்காரர்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

அடுத்தது அடுப்படி. கரையோர வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பச்சை மீன் தலையும் குழம்புச் சாதமும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பச்சை மீனும் பச்சைக் கறியும் கிருமிக்கு அழைப்பு. தவிர நெத்திலி, மத்தி போன்ற மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால் அவற்றிலுள்ள ஒரு நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. குழம்புச் சாதத்தில் இன்னொரு ஆபத்து. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவைச் சிதைக்கும். நல்ல பூனைக்கே சோகை வரவைக்கும் பொருள். சோகைக்கு ஆளாகும் நோயுள்ள பூனைக்குச் சொல்லவே வேண்டாம். வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டேன் என்பதால் தப்பிக்க முடியாது, சாறு குழம்பில் இறங்கிவிட்டது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், வேகவைத்த கோழி, கூடவே பூனைக்கென்றே தயாரிக்கும் முழுச் சத்து உணவு. இதுவே போதும்.

மருந்து அலமாரியில் ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும்: பாராசிட்டமால். இந்தப் பூனைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று அரை மாத்திரை கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். அதேபோல் நாய்க்கு முதுகில் விடும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். தெள்ளுப்பூச்சியை ஒழிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது ரத்தத்தை உறிஞ்சுவதோடு சிவப்பணுவைத் தாக்கும் வேறு கிருமிகளையும் சுமக்கிறது. ஆனால் பூனைக்கென்ற மருந்தால் ஒழிக்க வேண்டும். நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் எதற்கும் இந்த நோயில் ஆதாரம் கிடையாது. கசப்பை வாயில் ஊற்றினால் பூனை சாப்பாட்டையே வெறுக்கும், நஷ்டம் அதுதான்.

தினமும் ஒரு நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம் ஈறு. பூனை மடியில் இருக்கும்போது மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினால் ஈறு தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நிறம் நாளுக்கு நாள் மங்கினால், பல்லோரம் சிவந்து வீங்கி வாய் நாறினால், அன்றைக்கே மருத்துவர். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ண வேண்டும்; நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்தால் முதலில் தெரிவது மூச்சில்தான். வாரம் ஒருமுறை எடை: வீட்டார் ஒருவர் பூனையோடு எடைமேடையில் நின்று, பிறகு தனியே நின்று, கழித்துக்கொள்ளலாம். எழுதி வைக்க வேண்டும். பூனை மெலிவதைத் தினமும் பார்க்கும் கண் கவனிக்காது, நோட்டுப் புத்தகம் கவனிக்கும். சும்மா இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் மற்ற தடுப்பூசிகளையும் நிறுத்த வேண்டியதில்லை. எந்த வகை ஊசி என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.

எங்கே காட்டுவது? ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசுக் கால்நடை மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழி வரிசைதான் நீளம். பூனைக்கூடையோடு போகிறவர்களை வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். பி.சி.ஆர். போன்ற மேல்பரிசோதனை தேவைப்பட்டால் மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டியிருக்கலாம். கடலூருக்குப் பக்கம் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரத்தநாட்டில் அரசுக் கல்லூரி; 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில். போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது பூனைக்கும் நல்லது, பஸ் செலவுக்கும் நல்லது.

இந்த மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: மழைக்காலம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியது. தண்ணீர் ஏறும்போது தெருவின் எல்லாப் பூனைகளும் ஒரே மாடியில் ஒதுங்கும், ஒரே தட்டில் சாப்பிடும். பாசிட்டிவ் பூனை உள்ள வீட்டில் ஐப்பசி பிறக்கும் முன்பே மூடியுள்ள கூடை ஒன்று, பத்து நாள் உணவு, மருந்து, பரிசோதனைச் சீட்டின் நகல் ஆகியவை ஒரே பையில் தயாராக இருக்க வேண்டும். நிவாரண முகாமில் கூடையைத் திறக்கவே கூடாது.

கடைசிக் கட்டத்தையும் மறைக்காமல் பேசிவிடலாம். ஒரு நாள் பூனை சாப்பாட்டை முகர்ந்து திரும்பிவிடும். ரத்தம் ஏற்றினால் சில நாள் தேறும், மறுபடி விழும். நிணநீர்ப் புற்றுக்குக் கீமோதெரபி உண்டு; ஆனால் இந்த வைரஸோடு வரும் புற்றில் அது தரும் காலம் குறைவு. மூச்சுக்குத் திணறும், தலை தூக்க முடியாத பூனையை வலியில்லாமல் அனுப்பிவைக்க மருத்துவர் சொன்னால் அதைப் பாவம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் நாள் வேண்டாம் என்று சொன்ன அதே ஊசி கடைசி நாளில் கருணைதான்.

பாவம் வேறு இடத்தில் நடக்கிறது. பாசிட்டிவ் என்றதும் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டிலோ கடற்கரையிலோ விட்டுவிட்டு வருவது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியும் தாகமும் வரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. சட்டத்தைவிடப் பெரிய கேடு, அந்தப் பூனை போய்ச் சேரும் கூட்டத்துக்கு. புளோரிடாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுப் பூனையிடமிருந்து இதே வைரஸ் காட்டுக்குள் போய், எண்ணிக்கையில் ஏற்கெனவே அருகிப்போன பேந்தர் என்னும் பெரும்பூனைகளைக் கொன்றது. பிடித்துப் பிடித்துத் தடுப்பூசி போட வேண்டியதாயிற்று. நம் முந்திரித் தோப்புகளில் உலவும் காட்டுப்பூனையும் அதே குடும்பம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை, மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் லுக்கேமியா, எஃப்.ஐ.வி. சோதனைக் கருவியை எப்போதும் இருப்பில் வைத்து, வரும் முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இந்தக் கரையில் நோய் எவ்வளவு என்று அப்போதுதான் எண்ணிக்கையோடு பேசலாம். புதிதாகப் பூனை எடுக்கிற வீட்டார், அதை மற்றப் பூனைகளோடு விடும் முன் ரத்தம் சோதியுங்கள். ஒரு மாதம் தனி அறையில் வைத்து மறுபடி சோதியுங்கள். அதுவரை தட்டு தனியாகவே இருக்கட்டும்.